ஊராட்சி மாநகராட்சியோடு இணையும்போது மாறுவது எது, மாறாதது எது?

2025 ஜனவரி தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு 16 மாநகராட்சிகளின் எல்லையை விரிவுபடுத்தி, அவற்றோடு 4 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் 149 ஊராட்சிகளையும் இணைக்கப்போவதாக அறிவித்தது. அந்த மாதமே பல மாவட்டங்களில் ஊர் மக்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், மனுவோடு ஆட்சியர் அலுவலகங்களுக்கு வந்தார்கள். ஜனவரி 26 அன்று கூடிய கிராம சபைகள் பலவற்றில் இணைப்பு வேண்டாம் என்ற குரலே ஓங்கி ஒலித்தது.

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கவலை வருகிறது. "மாநகராட்சி ஆகிவிட்டால் பட்டா செல்லாது" என்கிறார் ஒருவர். "ஆறே மாதத்தில் பாதாள சாக்கடை வந்துவிடும்" என்கிறார் இன்னொருவர். "கிராம சபையில் தீர்மானம் போட்டால் அரசு ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. ஆனால் இவற்றின் நடுவே "நூறு நாள் வேலை போய்விடும்" என்று ஒரு மூதாட்டி சொல்வது முழு உண்மை. பொய்யும் மெய்யும் ஒரே குரலில் பேசப்படுவதால் அவருடைய நியாயமான அச்சமும் வதந்தியோடு வதந்தியாகத் தள்ளப்படுகிறது. எனவே, இணைப்பு என்றால் என்ன என்பதை அடியிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

தனி உலையும் பொது உலையும்

ஒரு பெரிய வீட்டின் பக்கத்திலேயே தனிக்குடித்தனம் நடத்தும் ஒரு சிறு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைவுதான். ஆனால் இன்றைக்கு ரசமா குழம்பா என்பதை அந்த வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். விறகு தீர்ந்தால் அவர்களுக்கு உடனே தெரியும், கடனும் அவர்களுடையதே. ஒருநாள் பெரிய வீட்டோடு சேர்ந்துகொள்கிறார்கள். இனி உலை ஒன்று, வரவு செலவுக் கணக்கு ஒன்று, மூத்தவர் ஒருவர். பெரிய அண்டாவில் சோறு வேகிறது. மருத்துவச் செலவு வந்தால் தாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. ஆனால் என்ன சமைப்பது என்ற பேச்சில் நாற்பது பேரில் நான்கு பேராக இவர்கள் உட்கார வேண்டும். செலவுக்கு இவர்கள் தரும் பங்கும் இனிப் பெரிய வீட்டின் கணக்குப்படியே இருக்கும்.

இந்த உவமை முக்கால் பங்கு பொருந்தும். பொருந்தாத கால் பங்கும் முக்கியமானது. குடும்பங்கள் சேர்வதானால் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஊர் இணைப்பில் முடிவெடுப்பது மூன்றாம் தரப்பான மாநில அரசு. அதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

ஊராட்சி எதைச் செய்கிறது?

மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றத்தின் மூலம் ஒரு ஊரின் அன்றாடத் தேவைகளை நடத்தும் அமைப்புக்கு உள்ளாட்சி அமைப்பு என்று பெயர். கிராமப்புறத்தில் அது ஊராட்சி. நகர்ப்புறத்தில் அளவைப் பொறுத்துப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் இந்த இரண்டு வகைகளையும் தனித்தனிப் பாதையில் வைத்தன. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி இயங்குகின்றன. நகர்ப்புற அமைப்புகளுக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊர் இணைக்கப்படுகிறது என்றால், அது ஒரு சட்டத்தின் ஆளுகையிலிருந்து இன்னொரு சட்டத்தின் ஆளுகைக்கு மாறுகிறது என்பதே பொருள். பெயர்ப்பலகை மாறுவது அதன் வெளி அடையாளம்தான்.

சட்டத்தைவிட நடைமுறையைப் பார்த்தால் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். ஒரு சிற்றூரில் காலையில் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்துவிடுபவர் யார் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் குடத்தை இடுப்பில் வைத்தபடியே அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்கலாம். மோட்டார் காயில் எரிந்துவிட்டால் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போகலாம். ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருமே அதே ஊரில் குடியிருப்பவர்கள். ஏரியில் மீன்பிடிக் குத்தகை, சாலையோரப் புளியமரங்களின் ஏலம் போன்ற சிறு வருமானங்களின் தொகைகூட ஊராருக்கு வாய்மொழியாகவே தெரிந்திருக்கும்.

இதனால் ஊராட்சி என்றாலே நியாயம் நிலவும் இடம் என்று நான் சொல்லவில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நடக்கவிடாமல் தடுக்கப்பட்டது. தலைவர் வீட்டுத் திண்ணை எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருந்ததில்லை. அண்மை என்பது சிலருக்கு வசதி, சிலருக்கு அச்சுறுத்தல். எனினும் ஒதுக்கீட்டின் மூலம் ஒரு தலித் பெண் ஒரு முழு ஊராட்சிக்கும் நேரடித் தேர்தலில் தலைவராகும் வாய்ப்பு ஊராட்சி அமைப்பில் இருக்கிறது. இணைப்புக்குப் பிறகு அந்தப் பதவியே இல்லாமல் போகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஊராட்சி சிறியது, வருமானம் குறைந்தது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. மாநகராட்சி பெரியது, பொறியாளர்களும் பணமும் உடையது, ஆனால் தொலைவில் இருப்பது. இரண்டுக்கும் சட்டமே வேறு.

அரசு ஏன் இணைக்க விரும்புகிறது?

நிர்வாகக் கணக்கில் கிராமமாகவும் வாழ்க்கையில் நகரமாகவும் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது: கணக்கெடுப்பு நகரம். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தி, முதன்மையாக வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது ஆகிய மூன்றும் பொருந்தினால், அந்த இடத்தில் ஊராட்சியே இருந்தாலும் கணக்கெடுப்பு அதை நகரமாகவே எண்ணும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட 376 ஊர்கள் இருந்தன.

இத்தகைய ஊர்களில் அடுக்குமாடிகள் எழும்பிவிடுகின்றன. கழிவுநீர் ஏரிக்குப் போகிறது. ஐந்நூறு வீட்டுக் காலத்தில் போட்ட குடிநீர்க் குழாய் ஐயாயிரம் வீட்டுக்குப் போதவில்லை. ஓர் ஊராட்சிச் செயலரும் சில தூய்மைக் காவலர்களும் சமாளிக்கக்கூடிய சுமை அல்ல அது. மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் ஊர் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை என்பதால், ஒட்டுமொத்தமாகத் திட்டமிட ஒரே அமைப்பு வேண்டும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது.

எல்லைக்கு வெளியே இருப்பதால் ஊர் நகரத்திடமிருந்து தப்பிவிடுவதும் இல்லை. சென்னை மாநகராட்சி தன் குப்பையைப் பல ஆண்டுகளாகப் பெருங்குடியில் கொட்டியபோது, பெருங்குடி அதன் எல்லைக்குள் இல்லை. 2011இல்தான் அது மாநகராட்சியில் சேர்ந்தது. குப்பை வந்து சேர்ந்தது; குப்பையை அனுப்பிய மன்றத்தில் கேள்வி கேட்க அந்த ஊருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. இணைப்பை ஆதரிக்கும் வாதங்களில் எனக்கு மிக வலுவாகத் தோன்றுவது இதுதான். விந்தை என்னவென்றால், ஆதரிப்பவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை; தெருவிளக்கையும் தார்ச்சாலையையுமே பேசுகிறார்கள்.

முடிவெடுப்பது யார்?

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. அரசியலமைப்பின் 243கியூ பிரிவு, ஒரு பகுதியை எந்த வகை நகர்ப்புறமாக வகுப்பது என்பதை ஆளுநர், அதாவது நடைமுறையில் மாநில அரசு, அறிவிக்கை மூலம் முடிவு செய்யலாம் என்கிறது. அறிவிக்கை என்பது அரசிதழில் வெளியாகும், சட்ட வலிமை உடைய அறிவிப்பு. மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், விவசாயம் அல்லாத வேலைகளில் இருப்போரின் பங்கு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றை அரசு கருத்தில்கொள்ள வேண்டும் என்றும் அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. மக்கள் ஒப்புதல் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு? கிராம சபை என்பது ஊரின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அடங்கிய அவை. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதன் தீர்மானம் ஊரின் கருத்தைப் பதிவு செய்யும் ஆவணமே தவிர, இணைப்பைத் தடுக்கும் தடையாணை அல்ல. ஆயினும் அதற்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். 1980களில் மகாராஷ்டிர அரசு கல்யாண் மாநகராட்சியை உருவாக்க முனைந்தபோது, உல்லாஸ்நகரையும் சேர்ப்பதாக முதலில் வரைவு வெளியிட்டது. அந்த ஊரார் கடுமையாக எதிர்த்ததும் அதை விட்டுவிட்டு மற்ற ஊர்களைச் சேர்த்தது. "எங்களையும் நேரில் விசாரித்திருக்க வேண்டும்" என்று மற்றவர்கள் தொடுத்த வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லை வகுப்பது சட்டமியற்றுவதைப் போன்ற செயல், சட்டம் சொல்லும் அளவுக்கு ஆட்சேபங்களைப் பரிசீலித்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. ஒரே வழக்கில் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன: நீதிமன்றம் இதில் எளிதில் தலையிடாது, ஆனால் வரைவு நிலையில் எழுப்பப்படும் எதிர்ப்பு அரசின் முடிவை மாற்றக்கூடும்.

நடைமுறையின் படிகள் இவை. முதலில் அரசு தன் எண்ணத்தை வரைவாக அறிவிக்கும். பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபங்களைப் பெறும். அவற்றைப் பரிசீலித்தபின் இறுதி அறிவிக்கை வெளியாகும். அதன்பின் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டுத் தேர்தல் நடக்கும். இரண்டாம் படி முடிந்தபின் எழுதும் மனுவுக்கும் அதற்குள் எழுதும் மனுவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. இணைப்பைப் பற்றி ஊர் பேச வேண்டிய அதே மாதத்தில், அந்த ஊர்களுக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரி எப்படி மாறுகிறது?

ஊராட்சியில் கட்டுவது வீட்டு வரி. ஆண்டுக்கு ஒருமுறை, வீட்டின் அளவையும் அது குடிசையா, ஓடா, கான்கிரீட்டா என்பதையும் பொறுத்து, பெரும்பாலும் சில நூறு ரூபாய்களில் முடிந்துவிடும். மாநகராட்சியில் கட்டுவது சொத்து வரி. வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, எத்தனை சதுர அடி, எவ்வளவு பழையது, குடியிருப்பா கடையா, சொந்தக்காரர் இருக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்பதையெல்லாம் கணக்கிட்டு, ஒவ்வோர் அரையாண்டுக்கும் வசூலிக்கப்படும். கட்டடம் எழும்பாத மனைக்குக் காலிமனை வரியும், இணைப்பு வந்தால் குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களும் தனி.

ஆகவே வரி உயரும் என்பது உண்மை. இத்தனை மடங்கு என்று பொதுவாகச் சொல்வதுதான் தவறு, ஏனெனில் அது தெருவுக்குத் தெரு மாறுபடும். அரசு நினைத்தால் புதிய பகுதிகளுக்குச் சலுகை தரவும் முடியும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்குச் சென்னையின் பழைய பகுதியில் 50 விழுக்காடும், 2011இல் இணைந்த பகுதிகளில் 25 விழுக்காடும் உயர்வு விதிக்கப்பட்டது. சலுகைக்கு இப்படி முன்னுதாரணம் இருக்கிறது. கேட்டுப் பெற வேண்டியது அது.

நூறு நாள் வேலை

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஊரக வேலை உறுதித் திட்டமும், அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமும் ஊரகத்துக்கு மட்டுமே உரியவை. நகர்ப்புற உள்ளாட்சியின் எல்லைக்குள் வந்துவிட்ட இடத்தை அந்தச் சட்டங்கள் ஊரகம் என்று கொள்வதில்லை. வேலை அட்டை வைத்திருக்கும் பெண் மறுநாளே நகரவாசி ஆகிவிடுவதில்லை. அவருடைய வருமானமும் வயதும் மூட்டுவலியும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர் உரிமை இழக்கிறார். ஊரகத்துக்கென ஒதுக்கப்பட்ட வீட்டுவசதித் திட்டங்களும் அப்படியே. நகர்ப்புறத்துக்கு வேறு பெயரில், வேறு விதிகளோடு திட்டங்கள் உண்டு. 2022இல் தமிழ்நாடு ஒரு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது என்றாலும், அது சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது; சட்டப்படி கேட்டுப்பெறும் உறுதியாக அல்ல. எதிர்ப்புக் கூட்டங்களில் பெண்கள் முன்வரிசையில் நிற்பதன் காரணம் இதுதான். அவர்கள் புரியாமல் எதிர்க்கிறார்கள் என்று யாரேனும் சொன்னால், சொல்பவருக்குத்தான் புரியவில்லை.

குரல் எவ்வளவு சிறுக்கிறது?

4,000 பேர் உள்ள ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஊருக்கென நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரு தலைவரும், சில நூறு பேருக்கு ஒருவராக வார்டு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 42 உள்ளாட்சி அமைப்புகள் அதில் கரைந்தன; வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. அன்றைய மக்கள்தொகை சுமார் 67 லட்சம். ஆக, ஒரு வார்டுக்குச் சராசரியாக 33,000 பேருக்கு மேல். அத்தகைய வார்டில் நம் 4,000 பேர் எட்டில் ஒரு பங்கு. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம சபைக்கு மாற்றாக நகரங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூட்டப்படுகின்றன. அவை நல்ல தொடக்கம்தான் என்றாலும், அரசியலமைப்பே பெயர் சொல்லி நிறுவிய கிராம சபையின் இடத்தை அவை இன்னும் எட்டவில்லை.

சுருங்கச் சொன்னால், வரி கூடுகிறது, ஊரக வேலை உரிமை போகிறது, முடிவெடுக்கும் இடத்தில் ஊரின் பங்கு சிறுக்கிறது. ஈடாகக் கிடைக்க வேண்டியது நகரத்தின் வசதி.

மாறாதவை

பட்டா, சிட்டா, வருவாய் கிராமத்தின் பெயர் ஆகியவை வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. உள்ளாட்சி மாறுவதால் நிலத்தின் உரிமை மாறாது. குடும்ப அட்டை உணவு வழங்கல் துறையுடையது. சட்டமன்றத் தொகுதியின் எல்லையும் இதனால் மாறுவதில்லை.

வசதி எப்போது வரும்?

இங்கேதான் கவனம் தேவை. வரிவிதிப்பை மாற்ற ஒரு ஆணை போதும். பாதாள சாக்கடைக்குத் திட்ட அறிக்கை, கடன், ஒப்பந்தப்புள்ளி, குழி, குழாய், நீரேற்று நிலையம் என வரிசையாகப் பல வேலைகள் வேண்டும். 2011இல் சென்னையோடு இணைந்த பகுதிகள் பலவற்றில் பத்தாண்டுகள் கடந்த பிறகும் அந்தப் பணி நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசையில் நின்றன. முகவரியில் மட்டும் சென்னை என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுபுறம், சிறிய அமைப்பால் பெரிய வேலை முடியாது என்பதும் எப்போதும் உண்மையல்ல. சென்னையோடு இணைவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆலந்தூர் நகராட்சி, வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் என மக்களிடமே பணம் திரட்டி, அதைக் காட்டிக் கடனும் பெற்று, 2000களின் முற்பகுதியில் பாதாள சாக்கடைத் திட்டத்தை நிறைவேற்றியது. தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கியதால் மக்கள் கொடுத்தார்கள். நகராட்சிக்கு ஆள்பலம் உண்டு, ஊராட்சிக்கு இல்லை என்று சொல்லலாம், அதுவும் சரியே. ஆனால் பல ஊராட்சிகள் கூடி ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பகிர்ந்துகொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல; கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற பெயரே அதற்குச் சான்று.

உங்கள் ஊர் வரைவு அறிவிக்கையில் இருந்தால், "எதிர்க்கிறோம்" அல்லது "வரவேற்கிறோம்" என்ற ஒரு வரியோடு மனுவை முடித்துவிடாதீர்கள். வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை, விவசாயம் செய்யும் ஏக்கர் எவ்வளவு, ஊராட்சியின் கடந்த ஆண்டு வரவு என்ன என்பதை எண்களாக எழுதுங்கள். அறிவிக்கைக்கு அரசு கருத்தில்கொள்ள வேண்டிய அளவுகோல்களோடு தொடர்புடையவை அவை என்பதால், அந்த எண்களை ஒதுக்கித் தள்ளுவது அரசுக்கு எளிதல்ல. இணைப்பு உறுதியாகிவிட்டால், எத்தனை ஆண்டுகளுக்குப் பழைய வரி, எந்த ஆண்டுக்குள் குடிநீர்க் குழாய் என்று எழுத்தில் கேளுங்கள். வார்டு மறுவரையறை வரைவு வெளியாகும் நாளையும் தவறவிடாதீர்கள். ஊரின் நடுத்தெருவில் கோடு போட்டு இரண்டு வார்டுகளாகப் பிரித்திருக்கிறார்களா என்பது அந்த வரைபடத்தில்தான் தெரியும்.